பேண்டில் ஓரமாக நின்று பேஸ் கிட்டார் வாசிப்பவர் தனியாகப் பெயரெடுக்க முடியுமா?

முடியும். பேஸ் என்றால் பாட்டின் அடியில் ஓடும் தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் கிட்டார். பால் மெக்கார்ட்னி, ஸ்டிங் என்று உடனே ஆரம்பிக்கலாம்தான். ஆனால் அவர்கள் பேண்டில் இருந்தபோதே மைக் பிடித்துப் பாடியவர்கள். நீங்கள் கேட்டிருப்பது பாடாமல் ஓரமாக நின்ற ஆளைப் பற்றி. எனக்குத் தெரிந்து அதற்குச் சரியான ஆள் இங்கிலாந்தின் பாரி ஆடம்சன். நானும் கல்லூரியில் பேஸ் வாசித்தவன் என்பதால் இவர்மேல் கொஞ்சம் பாசம் அதிகம். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

1958-இல் மான்செஸ்டரின் மாஸ் சைட் பகுதியில் பிறந்தவர். அப்பா ஜமைக்காக்காரர், அம்மா ஆங்கிலேயர். 1977-இல் பாடகர் ஹோவர்ட் டிவோட்டோ, பஸ்காக்ஸ் என்ற பங்க் (கரடுமுரடான, வேகமான ராக்) பேண்டை விட்டு வெளியேறி ‘மேகசின்’ என்ற புதுக் குழுவைத் தொடங்கினார். அதில் பேஸ் வாசிக்கச் சேர்ந்த ஆடம்சன் அந்த வாத்தியத்தைக் கையில் எடுத்தே அதிக நாள் ஆகவில்லை. பங்க் காலத்தில் அதெல்லாம் ஒரு குறையே இல்லை.

பங்க்குக்கு அடுத்து வந்த போஸ்ட்-பங்க் இசை, பேஸ் கலைஞர்களுக்கு நல்ல காலம். கிட்டார் கீறலாகச் சத்தம் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பாட்டை நகர்த்தும் வேலை பேஸுக்கு வந்துவிடும். மேகசினின் முதல் ஆல்பத்தில் (1978) ‘த லைட் போர்ஸ் அவுட் ஆஃப் மீ’ என்ற பாட்டைக் கேளுங்கள். முதலில் டிரம்ஸ், அதன்மேல் பேஸ், அப்புறம்தான் மற்றவை. 1980-இல் மார்ட்டின் ஹானெட் தயாரித்த மேகசின் ஆல்பத்தில், ஃபங்க் (தாளமும் பேஸும் முன்னால் நிற்கும் நடன இசை) வாசித்த அமெரிக்கக் குழுவான ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோனின் பாட்டு ஒன்றைத் தங்கள் பாணியில் வாசித்திருப்பார்கள். ஆடம்சன் விரல்களில் ஃபங்க் எவ்வளவு ஊறியிருந்தது என்பது அதில் தெரியும். 1981-இல் மேகசின் கலைந்தது.

அடுத்து, ஆஸ்திரேலியப் பாடகர் நிக் கேவின் ‘பேட் சீட்ஸ்’ குழுவில் ஆரம்பத்திலிருந்தே இருந்தார். பேஸோடு நிற்கவில்லை, கையில் கிடைத்த வாத்தியத்தையெல்லாம் வாசித்தார். 1985-இல் வந்த ‘டூப்பலோ’ பாட்டின் இசையில் அவருக்கும் அதே குழுவின் மிக் ஹார்விக்கும் பங்கு உண்டு. இடி இடிக்கிற மாதிரி உருண்டு வரும் அந்த பேஸை ஒருமுறை கேட்டால், வார்த்தை புரியாவிட்டாலும் ஏதோ விபரீதம் நடக்கப் போகிறது என்று தெரிந்துவிடும். சினிமாப் பின்னணி இசை செய்வதும் இதைத்தானே? நான்கு ஆல்பங்களுக்குப் பிறகு விலகினார்.

பேண்டை விட்டு வந்தவர் வழக்கமாக என்ன செய்வார்? இன்னொரு பேண்ட் சேர்ப்பார், இல்லையென்றால் தானே பாட ஆரம்பிப்பார். ஆடம்சனுக்குச் சின்ன வயதிலிருந்தே சினிமா இசைப் பித்து. ஜான் பாரியின் ஜேம்ஸ் பாண்ட் படப் பின்னணி போன்றவை. டெரெக் ஜார்மன் இயக்கிய ‘த லாஸ்ட் ஆஃப் இங்கிலாந்து’ படத்துக்குக் கொஞ்சம் இசை கொடுத்திருந்தார். ஆனாலும் முழுப் படத்தை நம்பி ஒப்படைக்க யாரும் வரிசையில் நிற்கவில்லை. அதனால் 1989-இல் எடுக்கப்படாத ஒரு படத்துக்கே பின்னணி இசை போட்டுவிட்டார்! ‘மாஸ் சைட் ஸ்டோரி’ என்று தன் பேட்டையின் பெயரிலேயே ம்யூட் இசை நிறுவனத்தில் வெளியிட்டார். ஒரு கொலைக் கதை. காலடிச் சத்தம், சைரன், அலறல், நடுவே ஜாஸ். கதையை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். சில துண்டுகள் சலிப்பாக இழுக்கின்றன என்பது என் கருத்து, ஆனால் மொத்தமாக அப்படியொரு துணிச்சல்.

இதுதான் அவருக்கு விசிட்டிங் கார்டாக அமைந்தது. 1991-இல் ‘டெலூஷன்’, 1992-இல் ஆலிசன் ஆண்டர்ஸின் ‘கேஸ் ஃபுட் லாட்ஜிங்’ என்று நிஜப் படங்கள் வந்தன. அதே 1992-இல் வந்த ‘சோல் மர்டர்’ ஆல்பம், பிரிட்டிஷ், ஐரிஷ் ஆல்பங்களில் சிறந்ததுக்குத் தரும் மெர்க்குரி பரிசின் முதல் ஆண்டு இறுதிப் பட்டியலில் இடம்பிடித்தது. பரிசு பிரைமல் ஸ்க்ரீம் பேண்டுக்குப் போனது; அந்த வருடம் அது நியாயம்தான். சோல் மர்டரில் பாண்ட் இசையை ஸ்காவாக (ஜமைக்காவின் துள்ளல் இசை) மாற்றி, 007-ஐ ஜமைக்காவுக்கே கூட்டிப் போகும் ஒரு துண்டு இருக்கிறது. அந்தக் குறும்புக்காகவே அந்த ஆல்பத்தை வாங்கலாம்.

எனக்கு மிகப் பிடித்த கட்டம் இதற்கு அப்புறம்தான். 1996-இல் ‘ஈடிப்பஸ் ஷ்மீடிப்பஸ்’ ஆல்பத்தில் ‘சம்திங் விக்கெட் திஸ் வே கம்ஸ்’ என்று ஒரு துண்டு போட்டார். அடுத்த வருடம் இயக்குநர் டேவிட் லிஞ்சின் ‘லாஸ்ட் ஹைவே’ படத்தில் ஒரு விருந்துக் காட்சியில் அது ஒலிக்கிறது. வெளுத்த முகத்தோடு ஒரு மர்ம மனிதன் நாயகனை நெருங்கும்போது இசை அப்படியே அடங்கிப் போகும். இல்லாத காட்சிக்கு இசை போட்டுக்கொண்டிருந்தவருக்கு, காட்சி தானாகத் தேடி வந்தது. அந்தப் படத்தின் முக்கிய இசையமைப்பாளர் ஏஞ்சலோ படலமென்டி. ஆடம்சன் தந்தவை சில துண்டுகள்தான், மிஸ்டர் எடி என்ற தாதாவுக்கான இசையும் அதில் சேர்த்தி. ஆனால் படம் பார்த்தவர்களுக்கு அவை மறக்காது.

இதற்கெல்லாம் பிறகு பெரிய ஹாலிவுட் இசையமைப்பாளர் ஆகிவிட்டாரா என்றால், இல்லை. பின்னாளில் நிறையப் பாடினார் (குரல் சுமார் ரகம், தோரணைதான் காப்பாற்றுகிறது), சொந்த இசை நிறுவனம் தொடங்கினார், மேகசின் மறுபடி கூடியபோது கொஞ்ச நாள் வாசித்தார், 2013 வாக்கில் பேட் சீட்ஸோடும் மேடையேறினார். 2021-இல் தன்வரலாறு எழுதினார். 2024-இல்கூட ‘கட் டு பிளாக்’ என்று புது ஆல்பம் வந்தது. வீடு வீடாகத் தெரிந்த பெயர் வேண்டும் என்றால் இவர் உங்களுக்கு உதாரணம் ஆக மாட்டார். நாற்பது வருடத்துக்கு மேல் தனக்குப் பிடித்ததைச் செய்துகொண்டு இருப்பதும் பெயர்தான் என்றால், தாராளமாக ஆவார்.

கேட்க ஆரம்பிப்பதென்றால் ஈடிப்பஸிலிருந்து ஆரம்பியுங்கள். ஜார்விஸ் காக்கர், நிக் கேவ், பில்லி மெக்கன்சி என்று பாடகர்கள் எல்லாரும் வந்து போகிறார்கள், சலிக்காது. மாஸ் சைட் ஸ்டோரியை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். போன் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம், பேஸே கேட்காது.