கணவரின் குறட்டைக்கு வாயில் மாட்டும் கருவி வாங்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 51. பத்து வருடமாகக் குறட்டை. இரண்டு வருடமாகச் சுவர் அதிர்கிற மாதிரி ஆகிவிட்டது. நான் பாயைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டேன். மாமியாரோ, "ஆம்பிளை அசந்து தூங்குறான், அதைப் போய்க் குறை சொல்றியே" என்கிறார். ஆன்லைனில் 1,100 ரூபாய்க்கு வாயில் மாட்டும் சிலிக்கான் கருவி வாங்கிக் கொடுத்தேன். முதல் நாள் இரவே துப்பிவிட்டார். காலையில் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. மூக்கில் ஒட்டும் பட்டை, காந்தக் கிளிப் என்று தினமும் விளம்பரம் வருகிறது. பல் டாக்டரிடம் கருவி செய்துகொண்டால் பலன் உண்டா? அவருக்கு சுகர் இல்லை. பிரஷருக்கு மட்டும் இரண்டு மாத்திரை. இரவில் இரண்டு மூன்று தடவை பாத்ரூமுக்கு எழுந்து போவார். மதியம் உட்கார்ந்தால் கண் சொக்கிவிடும். போன மாதம் சிக்னலில் காரை நிறுத்தியவர் அப்படியே தூங்கிவிட்டார், பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் விழித்தார். மற்றபடி ஒரு பிரச்சினையும் இல்லை. பி.கு.: அந்த 1,100 ரூபாய் கருவியைத் தூக்கிப் போட்டுவிடலாமா?
– பெயர் வேண்டாம், திருச்சி.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

"மற்றபடி ஒரு பிரச்சினையும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முந்தைய மூன்று வரிகளை நான் இரண்டு தடவை படித்தேன். எந்தக் கருவி நல்லது என்ற கேள்விக்கு வருவதற்கு முன்னால் அந்த வரிகளைத்தான் பேச வேண்டும்.

நான் பல் டாக்டர். குறட்டைக்குத் தாடைக் கருவி செய்து கொடுப்பது என் தொழிலிலேயே சேர்ந்தது. இருந்தும் உங்கள் கணவர் நேராக என்னிடம் வந்து அளவு எடுக்கச் சொன்னால், இன்றைக்கு எடுக்க மாட்டேன் என்றுதான் சொல்வேன்.

குறட்டை எப்படி வருகிறது என்பதை உங்கள் வாயிலேயே தெரிந்துகொள்ளலாம். வாயை லேசாகத் திறந்து, மூச்சை உள்ளே இழுத்துக் குறட்டைச் சத்தம் போட்டுப் பாருங்கள். இப்போது கீழ்த்தாடையை முன்னால் தள்ளி, கீழ்ப்பல் மேல்பல்லுக்கு முன்னே வருகிற மாதிரி வைத்துக்கொண்டு அதே சத்தத்தைப் போடுங்கள். பாதிச் சத்தம்கூட வராது. தூங்கும்போது தொண்டையைச் சுற்றியுள்ள தசைகள் தளர்ந்து நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிகிறது. மல்லாந்து படுத்தால் இன்னும் சரியும். பாதை குறுகிப் போக, காற்று முண்டியடித்துக்கொண்டு போகும்போது உள்நாக்கும் அதை ஒட்டிய மென்மையான மேலண்ணமும் படபடவென்று அடித்துக்கொள்கின்றன. தாடையை முன்னால் இழுத்தால் நாக்கும் கூடவே வருகிறது, பாதை திறக்கிறது. வாய்க் கருவிகள் எல்லாமே இந்த ஒரு சங்கதியை நம்பித்தான் செய்யப்படுகின்றன.

பாதை குறுகினால் சத்தம் வரும். முழுக்க அடைத்துக்கொண்டால்? சத்தமே வராது. உங்கள் வீட்டில் யாரும் கவனிக்காத நேரம் அதுதான். ஓங்கிக் குறட்டை விடுகிறவர் திடீரென்று அமைதியாகிவிடுவார். அப்பாடா என்று நாமும் கண்ணை மூடுவோம். நெஞ்சும் வயிறும் மட்டும் ஏறி இறங்கும், காற்று போகாது. பத்து விநாடி, இருபது விநாடி, சிலருக்கு அதற்கும் மேலே. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறி லேசாக எழுப்பிவிடும். 'க்ஹ்ர்ர்' என்று ஒரு திணறல், புரண்டு படுத்து மறுபடியும் குறட்டை. காலையில் அவருக்கு இது எதுவும் நினைவிருக்காது. இதைத்தான் ஸ்லீப் அப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு தடைபடுவது என்கிறோம். மணிக்கு 5 முதல் 15 தடவை வரை என்றால் லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30ஐத் தாண்டினால் தீவிரம். மணிக்கு 40 தடவை எழுப்பப்படுகிற ஆளை "அசந்து தூங்குறான்" என்று சொல்கிறோம். உங்கள் மாமியார் மட்டுமல்ல, என் அம்மாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரவில் பாத்ரூமுக்கு எழுவதற்கு வருவோம். ஐம்பது வயதில் புராஸ்டேட் என்றோ, ராத்திரி தண்ணீர் நிறையக் குடிக்கிறார் என்றோ விட்டுவிடுகிறோம். அதுவும் இருக்கலாம். ஆனால் தொண்டை அடைத்திருக்கும்போது நெஞ்சு காற்றை இழுக்கப் போராடும்; அந்த இழுப்பில் இதயத்தின் மேலறை விரிந்துகொடுக்கும். உடம்பில் தண்ணீர் கூடிவிட்டது போல என்று இதயம் தப்புக்கணக்குப் போட்டு, சிறுநீரை வெளியேற்றச் சொல்லும் ஹார்மோனைச் சுரந்துவிடும். அவரை எழுப்புவது சிறுநீர்ப்பை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, தொடங்கிய இடம் தொண்டையாக இருக்கும். இரண்டு மாத்திரை போட வேண்டிய அளவுக்குப் பிரஷர் இருப்பதும் இதோடு சேர்ந்து வரக்கூடியதுதான். சிக்னலில் தூங்கியது பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டாம். அன்றைக்குக் கார் நின்றுகொண்டிருந்தது. பரிசோதனை முடியும்வரை நெடுந்தூரம், அதுவும் ராத்திரியில், அவர் ஓட்ட வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். இரண்டு நாள் மட்டும் பாயை மறுபடியும் அந்த அறைக்குக் கொண்டுபோங்கள். தனியாகப் படுப்பதில் தப்பு ஒன்றும் இல்லை, உங்களுக்கும் தூக்கம் வேண்டும். ஆனால் நீங்கள் ஹாலில் இருந்தால் சத்தம் மட்டும்தான் கேட்கும், நடுவில் மூச்சு நிற்பதைப் பார்க்க ஆள் இல்லை. விடியற்காலை மூன்று, நான்கு மணிவாக்கில் போனில் பத்து நிமிடம் வீடியோ எடுங்கள். கனவு வரும் தூக்கம் பின்னிரவில்தான் அதிகம், தசைகள் அப்போதுதான் ரொம்பத் தளரும். முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நெஞ்சு அசைவது தெரிந்து சத்தம் பதிவானால் போதும். காலையில் அதை அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். "நான் குறட்டையே விடறதில்லை" என்று அடித்துப் பேசிய எத்தனையோ பேர் அந்த வீடியோவைப் பார்த்த பிறகுதான் டாக்டரிடம் கிளம்பியிருக்கிறார்கள். அப்படி அடித்துப் பேசியவர்களில் நானும் ஒருவன், எனக்கு வீடியோவுக்குப் பதில் ஒரு பெரியவர். சென்னைக்குப் போகும் ராத்திரி ரயிலில், லோயர் பெர்த்தில் நிம்மதியாகத் தூங்கிவிட்டு எழுந்தால், எதிர் பெர்த் பெரியவர் சிவந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தார். "தம்பி, நடுவுல நடுவுல மூச்சு நின்னுடுது உங்களுக்கு. நான் எண்ணிக்கிட்டே இருந்தேன்" என்றார். என் மனைவி ஐந்து வருடம் சொல்லிக் கேட்காதவன், முன்பின் தெரியாத ஒருவர் சொல்லிக் கேட்டேன்.

அந்த வீடியோவோடு ஈ.என்.டி. டாக்டரையோ நுரையீரல் டாக்டரையோ பாருங்கள். கழுத்துச் சுற்றளவையும் அளந்துகொண்டு போங்கள். சட்டைக் காலர் அளவு தெரிந்தாலே போதும். 40 சென்டிமீட்டரைத் தாண்டினால் டாக்டர் கூடுதலாகக் கவனிப்பார். மூக்குத் தண்டு வளைந்திருக்கிறதா, டான்சில் பெரிதாக இருக்கிறதா, தைராய்டு குறைவா என்பதையும் பார்ப்பார்கள். அப்புறம் தூக்கப் பரிசோதனை. விரலில் ஒரு கிளிப், நெஞ்சில் ஒரு பெல்ட், மூக்கடியில் ஒரு மெல்லிய குழாய் மாட்டிக்கொண்டு ஒரு ராத்திரி தூங்க வேண்டும். வீட்டிலேயே மாட்டிக்கொள்கிற கருவியும் இருக்கிறது. கட்டணம் இடத்துக்கு இடம் மாறும், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பரிசோதனையில் வெறும் குறட்டை, அல்லது லேசானது, நடுத்தரம் என்று வந்தால் பல் டாக்டரிடம் செய்துகொள்ளும் கருவி நன்றாகவே வேலை செய்யும். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் தனித்தனியாக அளவு எடுத்து, இரண்டு தகடு செய்து, கீழ்த்தாடை முன்னால் நிற்கிற மாதிரி இணைப்போம். ஒருவர் தாடையை எவ்வளவு தூரம் முன்னால் தள்ள முடியுமோ அதில் ஏறக்குறைய பாதியில் ஆரம்பித்து, பக்கத்தில் உள்ள சின்ன திருகைத் திருப்பி, கொஞ்சம் கொஞ்சமாக முன்னே கொண்டுபோவோம். ஒரே நாளில் முழுக்க இழுத்தால் காலையில் இட்லிகூட மெல்ல முடியாது. முதல் வாரம் எச்சில் ஊறித் தலையணை நனையும். சிலருக்கு மாறாக வாய் காய்ந்துபோகும். எழுந்ததும் கொஞ்ச நேரம் பற்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாதது மாதிரி இருக்கும், பல் துலக்கிக் காப்பி குடிப்பதற்குள் பழையபடி ஆகிவிடும். வருடக்கணக்கில் போடுகிறவர்களுக்குப் பல் வரிசை நிரந்தரமாகவே சற்று மாறலாம், அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது வரச் சொல்வோம். ஆடுகிற பல், ஈறு நோய், முழுப் பல் செட், காதோரத் தாடை மூட்டில் வலி இருக்கிறவர்களுக்கு இது சரிப்படாது. பிடித்துக்கொள்ளப் போதுமான பற்கள் மேலும் கீழும் வேண்டும். ஒன்றை மறக்க வேண்டாம். கருவி பழகிய பிறகு, அதை மாட்டிக்கொண்டே இன்னொரு தடவை தூக்கப் பரிசோதனை செய்ய வேண்டும். சத்தம் அடங்கிவிட்டதே என்று இருந்துவிடுவார்கள், உள்ளே மூச்சு நின்றுகொண்டேதான் இருக்கும்.

நீங்கள் வாங்கியது, சுடுதண்ணீரில் போட்டு இளக்கி, கடித்து வடிவம் கொடுக்கிற ரகமாக இருக்கும். அதைச் சுத்த ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். 2014இல் இங்கிலாந்தில் 90 பேரை வைத்து, இந்த ரகத்தையும் அளவெடுத்துச் செய்த ரகங்களையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்றுமே போடாததற்கு எல்லாமே மேல். ஆனால் ராத்திரி கழற்றி எறியப்படுவதில் சுடுதண்ணீர்க் கருவிதான் முதலிடம். உங்கள் கட்டிலுக்கு அடியில் கிடந்ததே, அதே கதை! பருமனாக இருக்கும், பல்லைப் பிடிக்காது.

தாடையைத் தொடாமல், நாக்கின் நுனியை ஒரு ரப்பர் குமிழுக்குள் உறிஞ்சி முன்னால் பிடித்து வைக்கிற கருவியும் உண்டு. பல் இல்லாதவர்களுக்கு ஆகும். பார்க்கக் கொஞ்சம் கோமாளித்தனமாக இருக்கும், நாக்கும் வலிக்கும்.

மணிக்கு 30ஐத் தாண்டியது என்று ரிப்போர்ட் வந்தால் என் கருவியை நம்பாதீர்கள். சி-பேப் மெஷின்தான் முதல் வழி. மூக்கில் மாட்டிய மாஸ்க் வழியாகக் காற்றை மெல்லிய அழுத்தத்தில் அனுப்பித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் 1981இல் வெளியிட்டது. ஆரம்ப கால மெஷின்களில் ஒன்றை வேக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்து ஓட்டினார்கள். இப்போது சத்தமே இல்லாமல், டிபன் பாக்ஸ் அளவில் வந்துவிட்டது. முதல் இரண்டு வாரம் பிடிக்காது. முடியவே முடியாது என்கிறவர்களுக்கு, ஒன்றும் இல்லாததற்கு இது மேல் என்று மறுபடியும் தாடைக் கருவிக்கு வருவோம்.

மற்ற வைத்தியங்கள். மூக்கில் ஒட்டும் பட்டை மூக்கின் ஓரத்தை விரித்துப் பிடிக்கும். அடைப்பு மூக்கில் இருந்தால் கொஞ்சம் உதவும், தொண்டையில் இருந்தால் பிளாஸ்திரி ஒட்டிய மூக்கோடு குறட்டை விடுவார். காந்தக் கிளிப்புக்குக் காசைக் கொட்டாதீர்கள். வாயை டேப் போட்டு ஒட்டிக்கொள்ளும் வீடியோக்கள் உலவுகின்றன. மூச்சு நிற்கிற ஆளுக்கு அது வேண்டவே வேண்டாம். ராத்திரி மூக்கில் எண்ணெயோ நெய்யோ விடுவதையும் வழக்கமாக்க வேண்டாம், அது சொட்டுச் சொட்டாக நுரையீரலுக்குள் இறங்கினால் வேறு தொல்லை.

செலவில்லாத வழி ஒருக்களித்துப் படுப்பது. பழைய பனியனின் முதுகுப் பக்கம் ஒரு பை தைத்து டென்னிஸ் பந்தைப் போட்டுவிட்டால், மல்லாந்ததும் குத்தி எழுப்பும். மல்லாந்தால் மட்டும் குறட்டை வருகிறவர்களுக்கு இது நன்றாகவே பிடிக்கும். படுப்பதற்கு முன்னால் ஒரு பெக் போடும் பழக்கமோ, தூக்க மாத்திரையோ இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டுமே தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும். எடையையும் எழுதவில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் பல வருடம் ஒரே ஆட்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். எடை பத்து சதவீதம் குறைந்தவர்களுக்கு மூச்சு நிற்பது ஏறக்குறைய கால்வாசி குறைந்ததாக 2000இல் வெளியிட்டார்கள். 85 கிலோ ஆளுக்கு எட்டரைக் கிலோ. லேசுப்பட்ட காரியம் இல்லை, தெரியும்.

தொண்டைப் பயிற்சி பற்றி விளம்பரம் செய்ய ஆள் இல்லாததால் யாருக்கும் தெரிவதில்லை. நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் வைத்து அண்ணத்தோடு பின்னால் இழுப்பது, முழு நாக்கையும் அண்ணத்தில் ஒட்டி அழுத்துவது, 'ஆ' சொல்லி உள்நாக்கை மேலே தூக்குவது. பிரேசிலின் சாவோ பாவ்லோவில் நடுத்தர நிலையில் இருந்த 31 பேரில் ஒரு பாதிக்கு மூன்று மாதம் தினமும் அரை மணி நேரம் இதைச் செய்ய வைத்தார்கள். மணிக்குச் சராசரி 22 ஆக இருந்தது 14க்கு வந்தது. சுவிட்சர்லாந்தில் இன்னும் வேடிக்கை: ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஊதும் டிட்ஜெரிடூ என்ற நீளக் குழலை நான்கு மாதம் ஊதப் பழகியவர்களுக்குப் பகல் தூக்கம் குறைந்தது, பக்கத்தில் படுப்பவர்களின் புகாரும் குறைந்தது. 2006இல் வந்த ஆய்வு அது. 2017இல் சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் இக் நோபல் பரிசை, அதுவும் சமாதானத்துக்கான பரிசை, வாங்கியது. மூக்கால் இழுத்துக்கொண்டே வாயால் விடாமல் ஊதும் அந்த வித்தை நம் நாதஸ்வரக் கலைஞர்களுக்கும் கைவந்ததுதான். உங்கள் கணவர் நாதஸ்வரம் கற்றுக்கொள்ளட்டும் என்று சொல்ல ஆசைதான், திருச்சியில் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள்.

பின்குறிப்புக்குப் பதில்: தூக்கிப் போடாதீர்கள். கழுவி, துடைத்து, அதே டப்பாவில் வையுங்கள். பல் டாக்டரிடம் போகிற நாளில் கையோடு எடுத்துப் போங்கள். அதில் அவர் கடித்த தடம் இருக்கும். எந்தப் பக்கம் அழுத்திக் கடித்திருக்கிறார், ராத்திரியில் பல்லை நறநறவென்று கடிக்கிற பழக்கமும் இருக்கிறதா என்பதை அதில் கொஞ்சம் பார்த்துவிடலாம்.