அடையாள அட்டையும் அதன் பின்னால் நிற்கும் பதிவேடும்: கேள்வி பதில்

பிரித்தானியாவின் அடையாள அட்டைத் திட்டத்தை எதிர்த்து 2004 முதல் 2010 வரை நடந்த இயக்கத்தில் தொண்டராக இருந்தேன். அதன் பிறகு ஆதார் வழக்குகளையும் இலங்கையின் ஆட்பதிவு முறையையும் தொடர்ந்து படித்து வருகிறேன். எனக்கு வந்த கேள்விகளுக்கு, கேட்டவரின் ஊர்ப் பெயரோடு, இங்கே விடையளிக்கிறேன். தனிப்பட்ட வழக்குகளில் சட்ட ஆலோசனை கூறும் தகுதி எனக்கில்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

ஹாரோ: அம்மா, பிரித்தானியாவில் அடையாள அட்டை ஒருமுறை வந்து ஒழிந்தது என்கிறார்கள். உண்மையில் என்ன நடந்தது?

இருமுறை வந்து இருமுறை ஒழிந்தது. முதலாவது, 1939இல் போரின்பொருட்டு வந்த தேசியப் பதிவுச் சட்டம். மூன்று காரியங்களுக்காகத் தொடங்கிய அந்தப் பதிவேட்டை 1950ஆம் ஆண்டளவில் 39 அரசு அமைப்புகள் பயன்படுத்திக்கொண்டிருந்தன. போர் முடிந்த பின்னும் காவலர்கள் தெருவில் அட்டையைக் கேட்டு வந்தார்கள். 1950 டிசம்பரில் ஃபின்ச்லியில் காரை ஓட்டிச் சென்ற கிளாரன்ஸ் வில்காக் அதைக் காட்ட மறுத்தார். வழக்கு மேல்முறையீட்டுக்குச் சென்றபோது, சட்டப்படி அவர் குற்றவாளிதான் என்றாலும், போருக்காக இயற்றிய சட்டத்தைப் போர் முடிந்த பின்னும் இப்படிப் பயன்படுத்துவது சட்டத்தை மதிக்கும் மக்களையே சட்டத்தை மீறுவோராக்கும் என்று தலைமை நீதிபதி காடர்ட் பிரபு கண்டித்து, தண்டனையின்றி விடுவித்தார். 1952 பிப்ரவரியில் அட்டை முறை கைவிடப்பட்டது.

இரண்டாவது, 2006 மார்ச் 30 அன்று அரச ஒப்புதல் பெற்ற அடையாள அட்டைச் சட்டம். அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையை நாங்கள் கூட்டங்கள்தோறும் வாசித்துக் காட்டினோம். பெயர், இன்றைய முகவரி, பழைய முகவரிகள், கைரேகை ஆகியவற்றோடு நிற்காமல், உங்கள் பதிவிலிருந்து ஒருவருக்குத் தகவல் தரப்பட்ட ஒவ்வொரு தருணத்தின் குறிப்பும் அந்தப் பதிவேட்டில் ஏற வழிசெய்யப்பட்டிருந்தது. வங்கியில் கணக்குத் தொடங்கினாலும் மருத்துவமனைக்குச் சென்றாலும் அங்கே அட்டை சரிபார்க்கப்பட்டால், அந்தத் தடம் அரசிடம் தங்கிவிடும். வீடு மாறியதைத் தெரிவிக்காவிட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம். அட்டை கைக்கு அடக்கமாகவும் அழகாகவும் இருந்ததால் மக்கள் அதை மட்டுமே பார்த்தார்கள். பதிவேட்டைப் பாருங்கள் என்று சொல்வதே எங்கள் முதல் வேலையாக இருந்தது.

இயக்கம் பெரிய கட்சி எதையும் சார்ந்து வளரவில்லை. பத்தாயிரம் பேர் சேர்ந்தால் நானும் பதிய மறுத்து, சட்டப் பாதுகாப்பு நிதிக்குப் 10 பவுண்டு தருவேன் என்று 2005இல் விடுக்கப்பட்ட உறுதிமொழிக்கு அந்தப் பத்தாயிரம் பேரும் கிடைத்தார்கள். பத்தாண்டுச் செலவு 1,060 கோடி முதல் 1,920 கோடி பவுண்டு வரை ஆகலாம் என்று லண்டன் பொருளியல் கல்லூரியின் ஆய்வு அதே ஆண்டில் சொன்னது. அரசின் சொந்தக் கணக்கு அந்தக் குறைந்தபட்சத் தொகையில் ஏறக்குறையப் பாதிதான். ஆனால், மக்கள் மனத்தை மாற்றியது 2007 நவம்பரில் வெளிவந்த செய்தி. குழந்தைகள் உதவித்தொகை பெறும் குடும்பங்களைச் சேர்ந்த இரண்டரைக் கோடிப் பேரின் விவரங்கள் அடங்கிய இரண்டு குறுந்தகடுகளை வருவாய்த் துறை தபாலில் தொலைத்துவிட்டது. அதன் பின்னர், அரசிடம் தகவல் பத்திரமாக இருக்கும் என்ற வாதத்துக்கு அவையில் எழுந்து நிற்கவே ஆள் குறைந்தது. 2010 டிசம்பர் 21இல் அதை நீக்கும் சட்டம் அரச ஒப்புதல் பெற்றது. 2011 பிப்ரவரியில் பதிவேடு இருந்த வன்தட்டுகள் எசெக்ஸில் நொறுக்கி அழிக்கப்பட்டன.

இந்த வெற்றியில் குடிமக்களின் அட்டை மட்டுமே ஒழிந்தது. 2008 நவம்பரிலிருந்து வெளிநாட்டவருக்கு வழங்கப்பட்ட கைரேகை அட்டை அப்படியே நீடித்தது. நம்மில் பலர் அதைத்தான் 2024 வரை பையில் வைத்திருந்தோம். அந்தக் குறை இன்றும் என்னை வருத்துகிறது.

சென்னை: தவறு செய்யாதவருக்கு இதில் என்ன பயம்?

நெதர்லாந்தில் போருக்கு முன்பே, நல்ல நிர்வாகத்துக்காக ஒவ்வொரு குடிமகனின் மதமும் மக்கள்தொகைப் பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தது. எழுதியவர்களும் தவறு செய்யவில்லை, எழுதப்பட்டவர்களும் தவறு செய்யவில்லை. 1940இல் ஜெர்மானியர் நாட்டைப் பிடித்தபோது அந்தப் பதிவேடு ஆயத்தமாக அவர்கள் கையில் கிடைத்தது. அங்கே வாழ்ந்த யூதர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் கொல்லப்பட்டனர். மேற்கு ஐரோப்பாவில் இவ்வளவு உயர்ந்த விகிதம் வேறெங்கும் இல்லை. அதற்குப் பதிவேடு ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், எதிர்ப்பாளர்கள் அதன் பங்கை நன்கு அறிந்திருந்தார்கள். 1943 மார்ச் 27 இரவு வில்லெம் அரோண்டேயஸும் அவருடைய தோழர்களும் காவலர் உடையில் ஆம்ஸ்டர்டாம் பதிவகத்தில் நுழைந்து தீ வைத்தார்கள். ஆவணங்களில் ஒரு பகுதியே அழிந்தது. பிடிபட்டவர்களில் பன்னிருவர் அதே ஆண்டு சுட்டுக் கொல்லப்பட்டனர். பதிவேடு உருவாகும்போது யார் ஆட்சியில் இருக்கிறார்கள் என்பதோடு, அதை நாளை யார் திறப்பார்கள் என்பதையும் கேட்டாக வேண்டும்.

கொழும்பு: அக்கா, எங்களுக்குச் சிறுவயதிலிருந்தே அடையாள அட்டை பழக்கம். அது இல்லாமல் வெளியே போக அம்மா விடமாட்டார். இப்போது வரும் டிஜிட்டல் அடையாளத்தால் புதிதாக என்ன கெட்டுவிடும்?

அந்த அம்மாவின் அச்சத்திலேயே உங்கள் கேள்விக்குப் பாதி விடை இருக்கிறது, தம்பி. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டம் அட்டையைத் தந்தது. போர்க்காலச் சோதனைச் சாவடிகள் அதற்கு வேறொரு பொருளைத் தந்தன. பழைய ஒன்பது இலக்க எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பது; பெண்ணாக இருந்தால் அதனுடன் 500 கூட்டப்படும். எண்ணைக் கேட்டவருக்கே உங்கள் வயதும் பாலினமும் தெரிந்துவிடும்.

2007 ஜூன் 7 அன்று கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைக் காவல்துறை பேருந்துகளில் ஏற்றி வடக்கிற்கும் கிழக்கிற்கும் அனுப்பியது. இலங்கையின் மிக உயர்ந்த நீதிமன்றமான உயர் நீதிமன்றம் மறுநாளே இடைக்காலத் தடை விதித்தது. யார் எந்த விடுதியில் தங்குகிறார்கள் என்பதைக் காவல் நிலையத்தில் பதியும் வழக்கம் அந்தக் காலத்தில் தமிழர்மீது திணிக்கப்பட்டிருந்தது என்பதை நினைவுகூருங்கள். அன்று அந்தப் பதிவு தாளில், நிலையம் நிலையமாகச் சிதறிக் கிடந்தது. புதிய திட்டம் கைரேகை, கருவிழி, முகம் மூன்றையும் ஒரே இடத்தில் சேர்க்கிறது. தேடுவதற்குப் பேருந்தும் ஆளும் வேண்டிய நிலை மாறி, ஒரு வினாடி போதும் என்றாகிவிடும். புதிதாக வருவது அந்த வேகம்தான்.

திருச்சி: ஆதாரில் கைரேகையைப் பூட்டுவது எப்படி?

ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலும் செயலியிலும் அதற்கான வழி உள்ளது. பூட்டிய பிறகு ரேஷன் கடைக்குச் செல்லும் முன் திறக்க மறந்துவிடாதீர்கள். விடுதி, கைபேசிக் கடை போன்ற இடங்களில் முழு எண் உள்ள நகலைக் கொடுக்காதீர்கள். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் நகலையே கொடுங்கள்.

பெங்களூரு: நான் மென்பொருள் துறையில் இருக்கிறேன். உங்கள் எதிர்ப்பு வசதியுள்ளவர்களின் எதிர்ப்பு. போலி ரேஷன் அட்டைகளை ஒழித்து ஏழைக்கு உணவு சேர்ப்பது ஆதார்தான். தனியுரிமை பசித்தவனுக்கு எதற்கு?

மிகவும் முக்கியமான எதிர்வாதம் என்பதால் விரிவாகவே பதிலளிக்கிறேன். ரேஷன் திருட்டு இருவகைப்படும். இல்லாத ஆளின் பெயரில் அட்டை வைத்திருப்பது ஒன்று. இருக்கிற ஆளுக்கு ஐந்து கிலோவுக்குப் பதில் நான்கைக் கொடுத்து ஐந்தென்று எழுதுவது இன்னொன்று. கைரேகை முதல் வகையைத் தடுக்கலாம். இரண்டாவதை அதனால் தொடவே முடியாது, ஏனென்றால் ஐந்துக்கு விரலை வைத்துவிட்டு நான்கை வாங்கிச் செல்பவர் உண்மையான ஆள்தான். சத்தீஸ்கர் ஆதார் வருவதற்கு முன்பே தனியாரிடமிருந்த கடைகளைத் திரும்பப் பெற்றுக் கசிவைப் பெருமளவு குறைத்தது. தமிழ்நாட்டின் பொது விநியோகம் அனைவருக்குமானது என்பதால், யார் ஏழை என்று சலித்தெடுக்கும் தேவையே பெரிதாக எழவில்லை.

பசித்தவருக்கு இதனால் நேர்வதையும் பாருங்கள். ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 2017 செப்டம்பரில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாருடன் இணைக்கவில்லை என்று அவள் குடும்பத்தின் ரேஷன் அட்டை நீக்கப்பட்டிருந்தது. பட்டினியால் இறந்தாள் என்றது குடும்பம். மலேரியா என்றது அரசு. நோய்க் காரணத்தில் கருத்து வேறுபாடு இருக்கலாம், அட்டை நீக்கப்பட்டது பொய்யாகிவிடாது. எனவே தனியுரிமையையும் பசியையும் எதிரெதிரே நிறுத்த நான் உடன்படமாட்டேன். வயலிலும் செங்கல் சூளையிலும் விரல் தேய்ந்தவரைத்தான் இயந்திரம் முதலில் மறுக்கிறது.

காரைக்குடி: பெங்களூரு நண்பர் சொல்வதே சரி. என் தாயாருக்கு வாழ்நாளில் கிடைத்த முதல் ஆவணம் ஆதார். அதை வைத்துத்தான் வங்கிக் கணக்குத் தொடங்கினார். நீங்கள் அதைப் பறிக்கச் சொல்கிறீர்களா?

இல்லை. உங்கள் தாயாருக்கு அது கிடைத்ததை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் அவர் நிலை பொதுவானதன்று. முன்பு எந்த ஆவணமும் இல்லாமல் அறிமுகம் செய்பவர் வழியாகப் பதிந்தவர்கள், 83.5 கோடி எண்கள் வழங்கப்பட்டிருந்த நேரத்தில் ஏறக்குறைய 2.19 லட்சம் பேர்தான் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்த் தெரியவந்தது. மற்றவர் அனைவரும் ஏற்கெனவே ஓர் ஆவணத்தைக் காட்டியே ஆதார் பெற்றார்கள். மேலும், ஆதார் குடியுரிமைக்குச் சான்றல்ல என்று அச்சட்டத்தின் 9ஆம் பிரிவே கூறுகிறது. ஆவணம் இல்லாதவருக்கு ஆவணம் கொடுக்க மையப் பதிவேடும் கைரேகைக் கிடங்கும் தேவையில்லை. ஊராட்சியின் சான்றே போதுமானதாக இருந்திருக்கும்.

பெங்களூரு (மீண்டும்): உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டதை நீங்கள் ஏன் ஏற்கவில்லை?

2018 செப்டம்பர் 26 தீர்ப்பு நால்வருக்கு ஒருவர் என்ற கணக்கில் வந்தது. அரசு உதவிகளுக்கு ஆதாரைக் கோரலாம் என்ற பெரும்பான்மையே, தனியார் நிறுவனங்கள் கோருவதற்கு வழிவிட்ட 57ஆம் பிரிவின் பகுதியை நீக்கியது. வங்கிக் கணக்கையும் கைபேசி எண்ணையும் இணைக்கும் கட்டாயத்தையும் நீக்கியது. நீதிபதி டி. ஒய். சந்திரசூட், மாநிலங்களவையைத் தவிர்க்கப் பண மசோதாவாக நிறைவேற்றியதே அரசமைப்புக்கு எதிரான மோசடி என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். அதற்கும் முன்னர், 2011 டிசம்பரில், யஷ்வந்த் சின்கா தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு இத்திட்டத்தின் முதல் மசோதாவை ஏற்க மறுத்திருந்தது. தீர்ப்புக்குக் கட்டுப்படுகிறேன்; அது தவறென்று வாதிடும் உரிமையை விட்டுக்கொடுக்கமாட்டேன்.

சேலம்: இந்த விவாதத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். என் பாட்டிக்கு ரேஷன் கடையில் கைரேகை பதிவதில்லை. என்ன செய்வது?

நடப்பதில் இதுவே அவசரமானது. கைரேகை பொருந்தாததால் உரியவருக்கு எதையும் மறுக்கமாட்டோம் என்ற அரசின் உறுதிமொழி அந்த 2018 தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. கருவிழி, கைபேசிக்கு வரும் கடவு எண் ஆகிய மாற்றுவழிகளைக் கேளுங்கள். குடும்ப அட்டையில் உள்ள வேறொருவர் சென்று வாங்கவும் முடியும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்டந்தோறும் குறைதீர்ப்பு அலுவலர் உண்டு. அவரிடம் எழுத்துபூர்வமாக முறையிடுங்கள். பாட்டியை மறுபடி மறுபடி கடைக்கு அலையவிடாதீர்கள்.

ஈரோடு: மடியில் கனமில்லாதவருக்கு வழியில் பயம் எதற்கு?

சென்னை வாசகருக்கு எழுதியதைப் படியுங்கள்.

மெல்பர்ன்: ஆஸ்திரேலியா அட்டை தோற்றது மக்கள் எழுச்சியாலா?

எழுச்சியாலும், ஒருவருடைய கூர்ந்த வாசிப்பாலும். அந்த அடையாள அட்டை மசோதாவை மேலவை மறுத்ததால் பிரதமர் ஹாக்கின் அரசு 1987இல் இரு அவைகளையும் கலைத்துத் தேர்தல் நடத்தி வென்றது. வென்ற பிறகுதான் எதிர்ப்பு உச்சத்தை அடைந்தது. அந்த வேளையில் இவார்ட் ஸ்மித் என்ற ஓய்வுபெற்ற அரசு ஊழியர், சட்டத்தை நடைமுறைப்படுத்தத் தேவையான விதிகளை மேலவையே தள்ளுபடி செய்ய முடியும் என்பதைக் கண்டுபிடித்துச் சொன்னார். செப்டம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. சட்டத்தை மட்டும் படித்து நிறுத்திவிடாதீர்கள், விதிகளையும் படியுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

டொராண்டோ: காவல்துறையின் முக அடையாளக் கேமராக்கள் பற்றி?

என் துறையன்று. அதை அறிந்தவரிடம் கேளுங்கள்.

மதுரை: அப்படியானால் 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் எதிர்க்க வேண்டுமா?

வேண்டாம், இரண்டையும் குழப்பாதீர்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கும் கணக்கெடுப்பில் தனிநபர் விவரம் இரகசியமானது. அதைச் சாட்சியமாகவும் கொள்ள முடியாது. எண்ணிக்கை இல்லாமல் பள்ளிக்கூடத்தையும் திட்டமிட முடியாது. தேசிய மக்கள்தொகைப் பதிவேடு வேறு. அது 2003ஆம் ஆண்டுக் குடியுரிமை விதிகளின்கீழ் வருவது, ஐயத்துக்குரியவர் என்று ஒருவர் பெயருக்கெதிரே குறிக்க அந்த விதிகள் இடம் தருகின்றன. ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் 1983 டிசம்பர் 15 அன்று இந்த இரண்டையும் பிரித்தே தீர்ப்பளித்தது: எண்ணலாம், எண்ணியதைக் கொண்டு பதிவேட்டைத் திருத்தக் கூடாது.

தஞ்சாவூர்: நேர்மையானவர்கள் ஏன் மறைக்க வேண்டும்?

மூன்றாம் முறையாக இதே கேள்வி. வீட்டுக் கதவைச் சாத்தி வைப்பவர் யாரும் குற்றவாளி அல்லர். இதற்கு மேல் இக்கேள்விக்கு விடையளிக்கமாட்டேன்.

ஈஸ்ட் ஹாம்: 2025 செப்டம்பரில் பிரதமர் ஸ்டார்மர் அறிவித்த டிஜிட்டல் அடையாளத்தில் அட்டையே இல்லையே. அப்படியென்றால் உங்கள் பழைய வாதம் பொருந்துமா?

முன்னைவிட அதிகமாகப் பொருந்தும். அட்டை மறைந்து பதிவேடு மட்டும் எஞ்சியிருக்கிறது. வேலைக்கான உரிமையை நிரூபிக்க அது கட்டாயம் என்றே முதலில் அறிவித்தார்கள். எதிர்ப்பு மனுவில் 28 லட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். நம் சமூகத்தில் மின்விசா வைத்திருப்போருக்கு இது ஏற்கெனவே வந்துவிட்டது. தளம் முடங்கும் நாளில் உங்களிடம் காட்டுவதற்கு எதுவும் இராது என்பதால், நிலை விவரப் பக்கத்தை அச்செடுத்துத் தேதியிட்டு வைத்திருங்கள்.

யாழ்ப்பாணம்: பல்கலைக்கழக மாணவி. இங்கே எதிர்ப்பைத் தொடங்க விரும்புகிறோம். எங்கிருந்து தொடங்குவது?

பேரணிக்கு முன் தாள்களைத் திரட்டுங்கள், மகளே. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஆட்பதிவுத் திணைக்களத்திடம் நான்கு கேள்விகளைத் தமிழிலேயே அனுப்புங்கள். பதிவேட்டில் என்னென்ன விவரங்கள் ஏறும், அதைப் பார்க்க எந்தெந்த நிறுவனங்களுக்கு உரிமை உண்டு, ஒருவரின் பதிவு பார்க்கப்பட்டால் அவருக்கு அறிவிக்கப்படுமா, ஒப்பந்ததாரர் விலகினால் தரவு யாரிடம் இருக்கும். 14 வேலை நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். மறுத்தால் முதலில் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பின்னர் தகவலறியும் உரிமைக்கான ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யுங்கள். வரும் விடையை, மறுப்பாக இருந்தாலும், அப்படியே வெளியிடுங்கள்.