வாசகர் கேள்வி – பதில்: 108 வருவதற்குள் போய்ச் சேரும் வண்டி

பைக் ஆம்புலன்ஸ், லோடு ஆட்டோ, வல்லம் (மீன்பிடிப் படகு) பற்றி ராமநாதபுரம் கரையோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

எங்கள் ஊர் இளைஞர்கள் பணம் திரட்டி ஒரு பைக் ஆம்புலன்ஸ் வாங்கலாம் என்றிருக்கிறோம். பின் சீட்டில் நோயாளியை உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா? – தங்கச்சிமடம் வாசகர்

கொண்டுபோகாதீர்கள். பைக்கின் வேலை, சிகிச்சையை நோயாளியிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. ராமேசுவரம் தீவிலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏறக்குறைய 55 கிலோமீட்டர். மயங்கியவர், மூச்சுத் திணறுபவர், முதுகிலோ கழுத்திலோ அடிபட்டவர் யாரும் அவ்வளவு தூரம் பைக்கில் உட்கார்ந்து வர முடியாது. வழியில் மூச்சு நின்றால் ஓட்டுபவருக்குத் தெரியவும் தெரியாது. ஆம்புலன்ஸுக்கான இந்தியத் தரவிதி ஏஐஎஸ்-125, முதலுதவியோடு முந்திப் போய் நிற்கும் வண்டியை ‘ஏ’ வகை என்று தனியாகவே பிரித்திருக்கிறது. நோயாளியைப் படுக்கவைத்துக் கொண்டுபோவது அதற்கடுத்த வகைகளின் வேலை.

மேற்கு வங்கம் ஜல்பாய்குரியில் கரிமுல் ஹக் பைக்கிலேயே நோயாளிகளை ஏற்றிச் சென்றார், 2017-ல் பத்மஸ்ரீ வாங்கினார் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான், போற்ற வேண்டிய மனிதர். ஆனால் அங்கே வேறு வண்டியே இல்லாத நிலை. ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ 2021 ஜனவரியில் மத்திய ரிசர்வ் போலீஸ் படைக்கு (சிஆர்பிஎஃப்) கொடுத்த ‘ரக்ஷிதா’ பைக்கிலும் காயம்பட்டவரை ஏற்றலாம். அதற்கென்றே சாய்வு இருக்கையும் இறுக்கும் பட்டையும் வைத்து, பெரிய வண்டி நுழையாத இடங்களுக்காகச் செய்த வண்டி அது. சாதாரண பின் சீட்டை அதோடு ஒப்பிடாதீர்கள். உங்கள் ஊருக்கு 108 வரும். அது வரும்வரை உள்ள நிமிடங்கள்தான் உங்கள் பொறுப்பு. அதனால் பைக் கிளம்பும் முன்பே 108-க்கு அழைத்தாக வேண்டும். போய்ப் பார்த்துவிட்டு அழைக்கலாம் என்று விட்டால் அத்தனை நிமிடமும் நஷ்டம்.

வண்டி 125 முதல் 150 சிசி போதும். முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக், நல்ல சென்டர் ஸ்டாண்ட், டியூப்லெஸ் டயர் இருக்கட்டும். மொத்தச் சாமான் 25 கிலோவைத் தாண்டாமல் பாருங்கள்.

ஆடி மாதக் காற்றில் பாம்பன் பாலத்தில் பெட்டி வைத்த பைக் ஆடுகிறதே, என்ன செய்வது? – மண்டபம் வாசகர்

பின்னால் உயர்த்தி வைத்த பெரிய பெட்டிதான் காரணம். பக்கவாட்டுக் காற்றுக்கு அது பாய்போல முகம் கொடுக்கிறது. எடை உயரத்தில் இருப்பதால் ஆட்டம் இன்னும் கூடும். 2.3 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள பாலத்தில் ஒதுங்கவும் இடமில்லை. கனமான ஆக்சிஜன் சிலிண்டரையும் கருவிகளையும் பக்கப் பெட்டிகளில், சக்கர அச்சுக்கு முடிந்தவரை நெருக்கமாக வையுங்கள். இடது, வலது எடை வித்தியாசம் 1 கிலோவுக்குள் இருக்கட்டும். மேல் பெட்டியில் கட்டுத்துணி, கையுறை போன்ற லேசான சாமான் மட்டும், 5 கிலோவுக்குள். பாலத்தில் வேகத்தைக் குறைத்து, கைப்பிடியை இறுக்காமல் பிடியுங்கள். பேருந்தைக் கடக்கும்போது காற்று ஒரு கணம் தடைபட்டு, பேருந்து போனதும் திரும்ப அடிக்கும். அதற்குத் தயாராக இருங்கள்.

தனுஷ்கோடி மணலில் பைக் போகுமா? – ராமேசுவரம் வாசகர்

2017-ல் அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு பாதிச் சிரமம் தீர்ந்தது. மீதி, சாலையிலிருந்து அலைவரை உள்ள மணல். டயரில் காற்றைக் குறைத்தால் போகும் என்பார்கள். குறைத்தால் டயர் அகன்று மணலில் மிதக்கும் என்பது சரிதான். ஆனால் 15 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் டியூப் டயர் ரிம்மில் நழுவி வால்வைப் பிய்த்துவிடும். டியூப்லெஸ் டயர் ரிம்மை விட்டு விலகிக் காற்று முழுவதும் ஒரேயடியாகப் போய்விடும். திரும்பச் சாலையில் ஏறியதும் பம்ப் அடிக்க வேண்டும், அதுவரை பிரேக் பிடித்தால் வண்டி வழுக்கும்.

100, 200 மீட்டர் மணலுக்கு நடந்து போவதே வேகம் என்பது எங்கள் கருத்து. பைக்கைச் சாலையோரம் நிறுத்துங்கள். சாமானைப் பெட்டியில் நிரந்தரமாகப் பூட்டி வைக்காமல், தோளில் மாட்டும் ஒரே பையில் 10 கிலோவுக்குள் அடுக்கி, அந்தப் பையைப் பக்கப் பெட்டிக்குள் வையுங்கள். இறங்கியதும் பையோடு ஓடலாம். சைடு ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு சாணளவு பலகைத் துண்டு வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டாண்ட் மணலில் இறங்கி வண்டி சாயும். சிலிண்டர் வால்வு இப்படி அடிபடலாம்.

கரையோரமாகவே வெகுதூரம் போக வேண்டியிருந்தால் 4 அங்குல அகல டயர் உள்ள சைக்கிள் நல்லது. 6 முதல் 8 பிஎஸ்ஐ காற்றிலேயே ஓடும். ஈரம் படிந்த அலைவிளிம்பு மணலில் ஓட்டுங்கள், மேட்டு மணலில் தள்ளிக்கொண்டு போங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்? – ஏர்வாடி வாசகர்

வாயோடு வாய் படாமல் மூச்சு ஊத உதவும் பாக்கெட் மாஸ்க், இரத்தப்போக்கை நிறுத்தும் அழுத்துப் பட்டைகள், டூர்னிக்கே (கை, காலை இறுக்கி இரத்தத்தை நிறுத்தும் பட்டை), எலும்பு முறிவுக்கு வைத்துக் கட்டும் மரச்சட்டம், சர்க்கரை அளக்கும் கருவி, ஆக்சிமீட்டர், ஓஆர்எஸ், கத்தரி. இது எந்த ஊருக்கும் பொது. நம் கரைக்கு ஒன்று கூடுதலாகச் சேருங்கள்: 1 லிட்டர் பிளாஸ்க்கில் வெந்நீர், கூடவே மடிக்கும் வாளி. திருக்கை முள் குத்தினால் கால் தாங்கும் சூட்டில், 45 டிகிரிக்கு மிகாமல், 30 முதல் 90 நிமிடம் முக்கி வைத்தால் வலி நன்றாக அடங்கும். சூட்டை உதவிசெய்பவர் தன் கையால் சோதிக்க வேண்டும், வலியில் இருப்பவருக்குச் சூடு சரியாகத் தெரியாது. நெஞ்சிலோ வயிற்றிலோ முள் பதிந்திருந்தால் பிடுங்கக் கூடாது, அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டால் கடல்நீரில் கழுவுங்கள், நல்ல தண்ணீரை ஊற்றாதீர்கள்.

வெயிலில் நிற்கும் பெட்டி உள்ளே கொதிக்கும். சர்க்கரை அளக்கும் கருவியின் பட்டிகள் பெரும்பாலும் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. சூடுபட்டால் அளவைத் தப்பாகக் காட்டும். இதயத்துக்கு மின்னதிர்வு கொடுக்கும் ஏஇடி கருவி வைத்திருந்தால் அதன் பேடில் உள்ள பசை காய்ந்துவிடும். வண்டி சும்மா நிற்கும் நேரத்தில் பை வீட்டுக்குள் இருக்கட்டும்.

சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும்? – கீழக்கரை வாசகர்

கணக்கு எளிது. சிலிண்டரின் கொள்ளளவை மீட்டர் காட்டும் அழுத்தத்தால் பெருக்குங்கள். 2 லிட்டர் சிலிண்டரில் 150 பார் இருந்தால் 300 லிட்டர். கடைசி 20 பாரை இருப்பாக விட்டால் 260 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் 26 நிமிடம், 5 லிட்டர் என்றால் 52 நிமிடம். ஒவ்வொரு காலையும் மீட்டரைப் பார்த்து எழுதி வையுங்கள். வாஷர் தேய்ந்திருந்தால் ஒரே இரவில் காலியாகிவிடும்.

செயினுக்கு எண்ணெய் போட்ட கையோடு ரெகுலேட்டரைத் தொடவே கூடாது. அழுத்தத்தில் வரும் ஆக்சிஜன் எண்ணெய்ப் பசையோடு சேர்ந்தால் தீப்பிடிக்கும். எண்ணெய், வாசலின், கை கழுவும் ஸ்பிரிட் எல்லாம் வேறு பெட்டியில்.

லோடு ஆட்டோவை ஆம்புலன்ஸாக்கலாமா? – தொண்டி வாசகர்

பின்தளத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். ஸ்ட்ரெச்சருக்கு 6 அடி 3 அங்குலமும், நோயாளியின் தலைமாட்டில் ஒருவர் உட்கார 2 அடியும் வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் அது கிடைக்காது. கிடைத்தாலும் ஓடும் மூன்று சக்கர வண்டியில் இதயம் நின்றவருக்கு நெஞ்சழுத்தம் (சிபிஆர்) சரியாகக் கொடுக்க முடியாது. கால் முறிவு, பிரசவ வலி போன்றவற்றுக்குச் சந்தில் இருந்து மெயின் ரோடு வரை கொண்டுவர உதவும், அவ்வளவுதான்.

கடலில் ஒருவர் மூழ்கி வல்லத்தில் ஏற்றினால் கரை வரும்வரை என்ன செய்வது? – மூக்கையூர் வாசகர்

வலைக் குவியல் மேல் படுக்கவைப்பதுதான் பெரிய தப்பு. நெஞ்சை அழுத்தினால் உடம்பு வலைக்குள் அமுங்கும், இதயம் அமுங்காது. ஒவ்வொரு வல்லத்திலும் ஆள் நீளத்துக்கு ஒரு மரப்பலகை, 4 பட்டையோடு வையுங்கள். இதைவிடக் குறைந்த செலவில் ஓர் உயிர்காக்கும் சாமான் கிடையாது. பலகையை நடுவிலிருந்து சற்றுப் பின்தள்ளிப் போடுங்கள், அணியப் பக்கம் (படகின் முன்பகுதி) அலையில் தூக்கிப் போடும்.

மூச்சில்லை என்றால் முதலில் மூச்சு ஊதுங்கள். மூழ்கியவருக்கு உயிர்க்காற்று தீர்ந்துபோனதுதான் பிரச்சினை. பிறகு 30 அழுத்தம், 2 மூச்சு என்று தொடருங்கள். அழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர். தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் வேண்டாம். வயிற்றுத் தண்ணீரும் சோறும் தொண்டைக்கு ஏறி நுரையீரலுக்குள் போய்விடும். இரண்டு பேர் மாறி மாறிச் செய்யுங்கள், 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறட்டும். படகில் உள்ள வேறொருவர் விஎச்எஃப் ரேடியோவின் 16-ஆம் சேனலிலோ, சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554-இலோ, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-இலோ சொல்லி, எந்தப் படகுத்துறைக்கு 108 வர வேண்டும் என்பதைத் தெளிவாகக் கூறட்டும்.

உப்புக்காற்றில் வண்டி துருப்பிடிக்கிறது, சைரன் வைக்கவும் அனுமதி வேண்டுமா? – தனுஷ்கோடி சாலைக் கடைக்காரர்

மணலுக்குப் போய்வந்த அன்றே நல்ல தண்ணீரில், அழுத்தம் அதிகமில்லாமல் கழுவுங்கள். அதிக அழுத்தத்தில் அடித்தால் உப்பு பேரிங்குக்குள் புகும். செயினைத் துடைத்து எண்ணெய், பேட்டரி முனைக்கு வாசலின், டிஸ்க் பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரின் பின்களுக்கு 2 மாதத்துக்கு ஒருமுறை கிரீஸ். அந்தப் பின்கள் இறுகினால் பிரேக் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும்.

சைரனும் சுழல்விளக்கும் உங்கள் விருப்பப்படி மாட்ட முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி பதிவில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு உண்டு. மாற்றத்தை வரைந்து எடுத்துக்கொண்டு முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போங்கள், பிறகு வெல்டிங் கடைக்குப் போகலாம்.