கேள்வி - பதில்: ஓவியர் தாமஸ் ஈகின்ஸ்

கே: அமெரிக்க ஓவியர் ஈகின்ஸின் 'கிராஸ் கிளினிக்' முதலில் நிராகரிக்கப்பட்டது ஏன்?

ப: ரத்தம்தான் காரணம். 1875-ல் வரைந்தது, சுமார் 8 அடி உயரம், ஆறரை அடி அகலம். டாக்டர் சாமுவேல் கிராஸ் ஒரு நோயாளியின் தொடை எலும்பில் கெட்டுப்போன பகுதியை அகற்றுகிறார். விரலிலும் கத்தியிலும் ரத்தம். 1876 பிலடெல்பியா நூற்றாண்டுக் கண்காட்சியின் கலைத் தேர்வுக் குழு இதை ஏற்கவில்லை. ராணுவ மருத்துவமனைப் பிரிவில்தான் மாட்ட முடிந்தது. பிறகு ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரிக்காக 200 டாலருக்கு வாங்கப்பட்டது. 2006-ல் அது விலைக்கு வந்தபோது, பிலடெல்பியாவை விட்டுப் போகாமல் காக்க 6.8 கோடி டாலர் தேவைப்பட்டது. அதற்காக இரண்டு நிறுவனங்கள் தங்களிடம் இருந்த வேறு ஈகின்ஸ் ஓவியங்களையே விற்க நேர்ந்தது; வருத்தமான விலை.

கே: அவர் மாணவர்களுக்கு எப்படிக் கற்பித்தார்?

ப: பென்சில்வேனியா அகாடமி என்ற கலைப்பள்ளியில், பிளாஸ்டர் சிலைகளைப் பார்த்து மாதக்கணக்கில் கரிக்கோல் பயிற்சி செய்யும் வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. சீக்கிரமே தூரிகையைக் கொடுத்துவிடுவார். உடலுக்கு வெளிக்கோடு கிடையாது, கனம்தான் உண்டு என்பது அவர் கொள்கை. எடை எந்தக் காலில் விழுகிறது, முதுகுத்தண்டு எங்கே வளைகிறது என்பதை முதலில் பிடிக்க வேண்டும். பிறகு ஒளி, நிழலின் பெரிய திட்டுகள். முகம், விரல்கள் எல்லாம் அதற்குப் பின்புதான். கண், மூக்கில் தொடங்குபவருக்குத் தலை ஒரு பக்கமும் உடல் ஒரு பக்கமும் நிற்கும். இன்றைக்கும் பழகுபவர்கள் சறுக்கும் இடம் இதுதான். களிமண்ணில் உருவம் செய்யவும், பிணத்தை அறுத்து எந்தத் தசை எந்த எலும்பை அசைக்கிறது என்று பார்க்கவும் வைத்தார். படகோட்டிகளை வரையும்போதோ, பெர்ஸ்பெக்டிவ் (தூரம் கூடக்கூடப் பொருள் சிறிதாகத் தெரியும் விதம்) கட்டங்களைத் தாளில் கணக்கிட்ட பிறகே கேன்வாஸைத் தொட்டார்.

கே: அகாடமியை விட்டு ஏன் விலகினார்?

ப: 1886-ல், பெண்களும் இருந்த வகுப்பில் ஆண் மாடலின் இடுப்புத்துணியை அகற்றினார். நிர்வாகம் ராஜினாமா செய்யவைத்தது.

கே: 'கிராஸ் கிளினிக்' பழைய அச்சுப் படங்களில் வேறு நிறமாகத் தெரிகிறதே?

ப: ஈகின்ஸ் கடைசியில் மெல்லிய கரும்பூச்சுகளை ஏற்றி, பின்னணியை அடக்கியிருந்தார். பிற்காலத்தில் ஓவியத்தைச் சுத்தம் செய்தவர்கள் அதையும் சேர்த்துக் கரைத்துவிட்டார்கள். ஓவியத்தில் கிராஸுக்குப் பின்னால் தெரியும் நடைவழி வெளிச்சமேறி, கிராஸின் நெற்றியிலிருந்து கண்ணை இழுத்தது. பழைய புகைப்படத்தையும் ஈகின்ஸே மையில் தீட்டிய நகலையும் ஒப்பிட்டு, 2010-ல் இருளை மீட்டார்கள். ஆகவே அதற்குப் பிறகு எடுத்த படத்தைப் பாருங்கள்.