களஞ்சியக்காரரைக் கேளுங்கள்: சம்பந்தி கொண்டுவந்த போத்தல்

கொழும்பில் கடலோர ஹோட்டல் ஒன்றின் மதுபானக் களஞ்சியத்துக்கு முப்பத்தொரு வருடம் காப்பாளராக இருந்தவன் நான். குடித்த போத்தல்களைவிட எண்ணிய போத்தல்கள்தான் அதிகம். இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வைனைப் பற்றியவை.

கேள்வி (வெள்ளவத்தை வாசகி): நியூயோர்க் மாநிலத்தில் வசிக்கும் என் சம்பந்தி வரும்போது இரண்டு போத்தல் வைன் கொண்டுவந்தார். ‘ரீஸ்லிங்’ என்று பெயர் போட்டிருக்கிறது. ஏரிக்கரையில் ஒரு குடும்பம் நடத்தும் ‘பண்ணை வைன்’ என்றார். அப்படியென்றால் வீட்டில் காய்ச்சியதா? நம்பிக் குடிக்கலாமா?

பதில்: காய்ச்சுவது சாராயத்தை, அம்மா. வைனை யாரும் காய்ச்சுவதில்லை. முந்திரிகைச் சாறு மதுவத்தால் நொதித்து வைனாகிறது. (கொழும்புக்காரர் திராட்சை என்பதைத்தான் நான் ஊர் வழக்கில் முந்திரிகை என்கிறேன். இந்த வயதில் மாற்ற முடியாது.)

உங்கள் கையில் இருப்பது அனுமதிப்பத்திரத்தோடு செய்த சரக்கு. ‘பண்ணை’ என்பது அங்கே சட்டத்தில் இருக்கும் சொல். நியூயோர்க் மாநிலத்து முந்திரிகைச் செய்கையாளர்கள் ஒரு காலத்தில் விளைச்சலைப் பெரிய வைன் கம்பனிகளுக்கே விற்று வந்தார்கள். கம்பனிகள் வெளி மாநிலங்களில் வாங்கத் தொடங்கியதும் தோட்டக்காரரின் பழத்தைக் கேட்க ஆளில்லை. 1976 இல் பண்ணை வைன் சட்டம் வந்தது. அந்த மாநிலத்தில் விளைந்த பழத்தைக் கொண்டு வருடத்துக்கு 50,000 கலன் வரை, அதாவது ஏறத்தாழ 190,000 லீற்றர், வைன் செய்து தன் வாசலிலேயே விற்கலாம் என்று தோட்டக்காரனுக்கு அது உரிமை கொடுத்தது.

இதை முதன்முதலில் ஒரு விலைப்பட்டியலின் பின்பக்கத்தில் வாசித்தபோது எனக்கு என் அப்புவின் ஞாபகம் வந்தது. உரும்பிராய்ச் செம்மண்ணில் இரண்டு பரப்பில் பந்தல் போட்டிருந்தார். பழம் பழுத்த கிழமை வியாபாரி வருவார். ஒரு குலையைத் தூக்கிப் பார்த்து, ஒரு பழத்தை வாயில் போட்டு, “புளிப்பு” என்பார். அந்த ஒரு சொல்லில் விலை பாதியாகிவிடும். நெல்லென்றால் கட்டி வைக்கலாம், வெங்காயத்தைப் பிடியாகக் கட்டித் தூக்கலாம். பழுத்த முந்திரிகையை எத்தனை நாள் வைத்திருப்பது? 1977 இல் இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். வடக்கில் மிளகாயும் வெங்காயமும் செய்தவர்கள் பட்ட பாடு ஊரறிந்தது. அப்பு பந்தல் கப்புகளைப் பிடுங்கி மாட்டுக்கொட்டிலுக்குப் போட்டார். அமெரிக்கத் தோட்டக்காரனுக்குச் சட்டம் கைகொடுத்ததற்கு அடுத்த வருடம்தான் அது. அதனால் ‘பண்ணை வைன்’ என்றால் எனக்கு ருசிக்கு முன்னால் அந்த வியாபாரியின் முகம்தான் வருகிறது.

நீங்கள் சொல்லும் ஏரி அநேகமாக ‘ஃபிங்கர் லேக்ஸ்’ என்னும் பகுதியில் இருக்க வேண்டும். பனிப்பாறை குடைந்த பதினொரு ஏரிகள், விரல்களை நீட்டி வைத்ததுபோல. செனெக்கா ஏரி 180 மீற்றருக்கும் மேல் ஆழம். அவ்வளவு தண்ணீர் கோடையின் சூட்டைப் பிடித்து வைத்திருந்து குளிர்காலத்தில் மெல்ல விடுகிறது. வசந்தத்தில் அதே தண்ணீர் கரையைக் குளிராக வைத்திருப்பதால் அரும்புகள் அவசரப்பட்டு விரிந்து உறைபனியில் கருகுவதில்லை. அப்படியிருந்தும் ரீஸ்லிங் போன்ற ஐரோப்பிய முந்திரிகை இனங்கள் அங்கே பிழைக்காது என்றே பலர் நம்பியிருந்தார்கள். உக்ரேனில் கடுங்குளிரில் கொடி வளர்த்துப் பழகிய கொன்ஸ்டன்டின் பிராங்க் என்பவர் 1951 இல் அமெரிக்காவுக்கு வந்து, குளிர் தாங்கும் வேரடிகளில் அந்த இனங்களை ஒட்டிக் காட்டினார். நம் ஊர் ஒட்டு மாங்கன்றுதான், வேறு வித்தையில்லை. 1962 இல் கியூக்கா ஏரிக்கரையில் அவர் தொடங்கிய வைன் பண்ணை இன்று நான்காவது தலைமுறையின் கையில் இருக்கிறது.

போத்தலின் முகப்பில் ‘எஸ்டேட் பாட்டில்ட்’ என்று இருக்கிறதா பாருங்கள். அந்தச் சொல் இருந்தால், பழத்தை வளர்த்தது முதல் போத்தலில் அடைத்தது வரை எல்லாம் ஒரே பண்ணையின் பொறுப்பு. அமெரிக்காவில் அதைக் கண்டபடி அச்சடிக்க முடியாது. ரீஸ்லிங்கில் புளிப்புத் தூக்கலாக இருக்கும். சிலவற்றில் அதனோடு மெல்லிய இனிப்பும் சேரும். அந்த இனிப்பு நண்டுக் குழம்பின் உறைப்பைத் தணிக்கும். நன்றாகக் குளிரவிட்டுத் திறவுங்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை வாசகர்): ஏழு வருடத்துக்கு முன் கிடைத்த ஒரு வைனை வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரியில் வைத்திருக்கிறேன். பழசாகப் பழசாக அருமை கூடும்தானே?

பதில்: கூடாது. கடைகளில் விற்கும் வைனில் பெரும்பகுதி ஓரிரு வருடத்தில் குடிப்பதற்காகவே செய்யப்படுகிறது. பழசாக்குவதற்கென்று செய்ததாக இருந்தாலும் அதற்கு 13 பாகை செல்சியஸ் அளவில் இருட்டறை வேண்டும். கொழும்பு வீட்டில் 30 பாகை. நான் மூன்று நாள் விடுமுறையில் இருந்தபோது ஒருமுறை களஞ்சியத்துக் குளிரூட்டி நின்றுவிட்டது. திரும்பி வந்து கதவைத் திறந்தால் சில போத்தல்களில் தக்கை மேலெழுந்து மூடித் தகட்டை உப்ப வைத்திருந்தது. ருசி பார்த்தேன், அவித்த பேரீச்சம்பழம். அத்தனையையும் கணக்கிலிருந்து கழித்துக் கையெழுத்துப் போட்டவன் நான். உங்களுடையதைத் திறந்து மணந்து பாருங்கள். பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி (வத்தளை வாசகி): நத்தாருக்காகப் பிளம்ஸ், கறுவா, கராம்பு போட்டு அம்மம்மா முறையில் ஜாடியில் வைன் வைத்தேன். வினாகிரியாகிவிட்டது. என் கை ராசியா?

பதில்: ராசி பாவம், காற்றுதான் காரணம். நொதிக்கும் வரை உள்ளே எழும் காபனீரொட்சைட்டு காற்றைத் தள்ளி வைத்திருக்கும். நொதிப்பு அடங்கியதும் காவல் போய்விடுகிறது. துணி கட்டிய வாயால் காற்றுப் புக, அசற்றிக் அமில பற்றீரியா மதுசாரத்தை வினாகிரியாக்கும். பழ ஈக்கள் அதைச் சுமந்துகொண்டே வரும். இனி எப்படித் திருத்துவது என்று கேட்டுவிடாதீர்கள், பிள்ளை. 1912 ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரமின்றி மதுபானம் செய்வது குற்றம், அம்மம்மாவுக்கும் விலக்கில்லை.

கேள்வி (தெஹிவளை வாசகர்): குடும்பச் சஞ்சிகையில் மதுவைப் பற்றி எழுதுவது அவசியமா?

பதில்: வைத்தியர் சொல்லி நான் தொட்டு ஆறு வருடமாகிறது, ஐயா. யாரையும் குடிக்கச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (மருதானை வாசகர்): அண்ணன் நீர்வேலியில் முந்திரிகை செய்கிறார். அமெரிக்கக் குடும்பங்களைப்போல நாங்களும் வைன் பண்ணை தொடங்கினால் என்ன?

பதில்: ஆசை நல்லது. ஆனால் அங்கே கொடி குளிர்காலத்தில் உறங்கி எழும். நம் வெயிலில் அதற்கு உறக்கமே இல்லை. கத்தரித்து இலையை உருவி நாமே உலுக்கி எழுப்பினால்தான் பூக்கும். அதைச் சமாளித்தாலும் சீனி இடிக்கும். ஒரு லீற்றர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சீனி ஒரு வீத மதுசாரமாகிறது. 12 வீத வைனுக்கு 200 கிராம் வேண்டும். தின்பதற்காக வளர்க்கும் பழத்தில் பெரும்பாலும் அவ்வளவு இருக்காது. அனுமதிப்பத்திரம் வேறு, அந்த வரிசையில் நிற்கப் பொறுமை வேண்டும்.

சாற்றிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். தோலகட்டி ஆச்சிரமத்துச் சகோதரிகளின் முந்திரிகை இரசத்தையும் நெல்லி இரசத்தையும் யாழ்ப்பாணத்துக்குப் போய்வருபவர்கள் இன்றும் பெட்டியில் கட்டி வருகிறார்கள். அண்ணன் அடுத்த அறுவடையில் வியாபாரி வருவதற்கு முன் சீனியை மானியால் அளந்து எழுதி வைக்கட்டும். “புளிப்பு” என்று அவர் சொல்லும்போது காட்ட ஓர் எண்ணாவது இருக்கும். அந்த எண்ணை எனக்கும் அனுப்புங்கள்.