பழைய எக்ஸ்.பி. மெஷின்கள் உள்ள அலுவலகத்தில் புதிய விண்டோஸ் சர்வர் போட்டால் எல்லாம் வேலை செய்யுமா?

கேள்வி இது: "எங்கள் அலுவலகத்தில் விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 ஓடுகிறது. அதை மாற்றி 2025 பதிப்பு வாங்கச் சொல்கிறார்கள். நெட்வொர்க்கில் விண்டோஸ் 10, விண்டோஸ் 7, இரண்டு எக்ஸ்.பி., பழைய நாஸ் (நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) ஒன்று, ஸ்கேன் செய்து ஃபோல்டரில் போடும் ஜெராக்ஸ் மெஷின் ஒன்று இருக்கின்றன. இவை எல்லாம் புதிய சர்வரோடு வேலை செய்யுமா?"

இந்தக் கேள்விக்கு இரண்டே விதமான பதில்களைத்தான் நான் இதுவரை கேட்டிருக்கிறேன். "எஸ்.எம்.பி. 1 என்று ஒரு வசதி இருக்கிறது, அதை ஆன் செய்துவிட்டால் எல்லாம் ஓடும்" என்பது ஒன்று. "எக்ஸ்.பி.யை இன்னுமா வைத்திருக்கிறீர்கள், தூக்கிப் போடுங்கள்" என்பது மற்றொன்று. 2020 பொங்கலையொட்டிச் சிவகாசியில் ஓர் அச்சகத்தின் சர்வரை மாற்றியபோது இந்த இரண்டையும் ஒரே நாளில் கேட்டவன் என்ற முறையில், இரண்டுமே உங்களுக்குப் பயன்படாது என்று நினைப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்த அச்சகத்தில் அப்போது ஓடியது விண்டோஸ் சர்வர் 2003. அதற்கான ஆதரவு 2015 ஜூலை 14 அன்றே முடிந்துவிட்டது. ஆனாலும் ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியானதிலிருந்து டிசம்பர் கடைசி வரை சிவகாசியில் எந்த அச்சகத்திலும் ஒரு கேபிளைக்கூடத் தொட முடியாது என்பதால், ஒவ்வோர் ஆண்டும் வேலை தள்ளிப்போயிற்று. 2019 சீசன் நடுவில் அதன் ஹார்ட் டிஸ்க்குகளில் ஒன்று போன பிறகுதான் முதலாளி சம்மதித்தார். டிசைனர்களும் கணக்குப் பிரிவும் பயன்படுத்திய பதினான்கு விண்டோஸ் 7, 10 கம்ப்யூட்டர்கள், பக்கங்களைப் புள்ளிகளாக மாற்றி, பிளேட் (அச்சுத் தகடு) எடுக்கும் மெஷினை இயக்கும் ரிப் மென்பொருள் இருந்த எக்ஸ்.பி. கம்ப்யூட்டர் ஒன்று, டைகர் எனப்படும் மேக் ஓ.எஸ். 10.4 ஓடும் ஜி5 மேக் இரண்டு, ஒரு ஜெராக்ஸ் மெஷின் ஆகியவைதாம் அந்த நெட்வொர்க்.

அந்த மேக்குகள் ஏன் அங்கே இருந்தன என்று கேட்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாள்காட்டிப் பக்கங்களும் பழைய லேபிள்களும் யூனிகோடு வருவதற்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில், பழைய மேக் ஓ.எஸ். 9 காலத்து மென்பொருளில் செய்யப்பட்டவை. அந்த மென்பொருளை ஓட்டும் கிளாசிக் வசதி 10.4 வரைதான் இருந்தது, 10.5-இல் எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே அந்த மேக்குகளை மேம்படுத்தினால் பதினைந்து ஆண்டு வேலையைத் திறக்க முடியாது. இது சோம்பேறித்தனத்தால் வைத்திருந்த பழம்பொருள் அன்று.

நாங்கள் வாங்கியது சர்வர் 2019. பழைய டொமைனிலேயே, அதாவது பயனர்களையும் பாஸ்வேர்டுகளையும் ஓரிடத்தில் நிர்வகிக்கும் பழைய அமைப்பிலேயே, இதைச் சேர்க்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது நடக்காது. 2019-ஐ டொமைன் கன்ட்ரோலராக (அந்த அமைப்பை நடத்தும் சர்வராக) சேர்க்க, டொமைனின் செயல்நிலை (எந்தப் பதிப்பின் வசதிகள் வரை அது இயங்குகிறது என்ற அளவு) குறைந்தது 2008 ஆக இருக்க வேண்டும். அதோடு சிஸ்வால் எனப்படும் டொமைனின் பொது ஃபோல்டரின் நகலாக்கமும் பழைய எஃப்.ஆர்.எஸ். முறையிலிருந்து டி.எஃப்.எஸ்.ஆர். முறைக்கு மாறியிருக்க வேண்டும். 2003 சர்வர் இந்த இரண்டையும் எட்ட முடியாது. பயனர்கள் இருபது பேருக்குள்தான் என்பதால் இடைப்பட்ட பதிப்பு ஒன்றைப் போட்டு ஏறிவராமல், புதிய டொமைனையே உருவாக்கினேன். ஸ்டாண்டர்டு பதிப்பில் இரண்டு மெய்நிகர் சர்வர்களுக்கு உரிமை உண்டு என்பதால், ஒன்றை டொமைனுக்கும் மற்றொன்றைக் கோப்புகளுக்கும் ஒதுக்கினேன். இந்தப் பகுதியெல்லாம் பொங்கல் விடுமுறைக்குள் சிக்கலின்றி முடிந்தது.

விடுமுறை முடிந்த முதல் நாள் காலை, பட்டாசுப் பெட்டி லேபிளுக்குப் பிளேட் எடுக்க வேண்டும். ரிப் கம்ப்யூட்டரில் சர்வரைத் திறந்தால், குறிப்பிட்ட நெட்வொர்க் பெயர் இப்போது கிடைக்கவில்லை என்ற பொருளில் ஆங்கிலச் செய்தி ஒன்று வந்தது. பிங் போகிறது, அதாவது சர்வர் பதில் தருகிறது; ஆனால் ஷேர், அதாவது பகிரப்பட்ட ஃபோல்டர், திறக்கவில்லை. அந்தச் செய்தியைப் படித்தால் இணைப்பு அறுந்து போகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். கேபிளை மாற்றினோம், ஸ்விட்ச்சில் போர்ட்டை மாற்றினோம், நெட்வொர்க் கார்டைக்கூட மாற்றினோம். "அண்ணாச்சி, மெஷின் சும்மா நிக்குது" என்று பிளேட் அறைத் தம்பி மூன்று முறை வந்து சொல்லிவிட்டுப் போனார். மதியம் இரண்டு மணிக்குத்தான் நான் அடிப்படையைப் பார்த்தேன்.

அடிப்படை இதுதான். விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். எக்ஸ்.பி.க்கும் சர்வர் 2003-க்கும் அதன் முதல் பதிப்பு மட்டுமே தெரியும். இரண்டாம் பதிப்பு விஸ்டாவுடனும் சர்வர் 2008-உடனும் வந்தது, மூன்றாம் பதிப்பு விண்டோஸ் 8-உடனும் சர்வர் 2012-உடனும் வந்தது. சர்வர் 2016 வரை முதல் பதிப்பும் கூடவே இயங்கிக்கொண்டிருந்ததால் யாருக்கும் வேறுபாடு தெரியவில்லை. 2017 இலையுதிர்காலப் பதிப்பிலிருந்து அது நிறுவப்படாமலே வருகிறது, 2019-உம் அப்படியே. ஆக, புதிய சர்வருக்குப் பழைய கம்ப்யூட்டரோடு பேசத் திறமை இல்லாமல் போய்விடவில்லை. பேச வேண்டாம் என்று முடிவெடுத்து அனுப்பப்படுகிறது. காரணமும் தெளிவானது. 2017 மே 12 அன்று பரவிய வானாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ், எஸ்.எம்.பி. முதல் பதிப்பைக் கையாளும் பகுதியில் இருந்த ஓட்டை வழியாகத்தான் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் தாவியது. அதற்கான திருத்தம் மார்ச் 14 அன்றே வெளியாகியிருந்தும், போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். எக்ஸ்.பி.க்குப் பொதுவான திருத்தம் தாக்குதல் தொடங்கிய பிறகுதான் கிடைத்தது.

பிளேட் மெஷினை விற்ற நிறுவனத்தின் எஞ்சினியர் போனில் சொன்னது, "எஸ்.எம்.பி. 1 ஆன் பண்ணிடுங்க சார், எல்லாரும் அதான் செய்றாங்க." நானும் அதைச் செய்தேன். மறைக்க விரும்பவில்லை. பத்து நாள் அது ஆன் ஆகவே இருந்தது. ஆனால் அந்தப் பத்து நாளும் எஸ்.எம்.பி. 1 தணிக்கையையும் சேர்த்து ஆன் செய்திருந்தேன். அதைச் செய்தால், முதல் பதிப்பில் வந்து பேசும் ஒவ்வொரு கம்ப்யூட்டரின் முகவரியும் எஸ்.எம்.பி. சர்வர் தணிக்கைப் பதிவில் 3000 என்ற எண்ணுள்ள நிகழ்வாகப் பதிவாகும். ரிப் கம்ப்யூட்டரும் ஜெராக்ஸ் மெஷினும் வரும் என்று எதிர்பார்த்தேன், வந்தன. எதிர்பாராமல் வந்தது கணக்குப் பிரிவில் இருந்த ஒரு விண்டோஸ் 7. ஃபாக்ஸ்புரோ என்ற பழைய தரவுத்தள மென்பொருளில் எழுதப்பட்ட பில் மென்பொருளில் கோப்புகள் கெட்டுப்போகின்றன என்பதற்காக, யாரோ எப்போதோ அதில் எஸ்.எம்.பி. 2-ஐயே நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்தப் பட்டியல் இல்லாமல் எஸ்.எம்.பி. 1-ஐ நேராக நீக்கியிருந்தால், மாதக் கடைசியில் பில் போட முடியாமல் நின்றிருப்போம்.

முதல் பதிப்பை நிரந்தரமாக வைத்திருக்க நான் ஏன் சம்மதிக்கவில்லை என்று முதலாளியும் கேட்டார். ஆபத்து எக்ஸ்.பி. கம்ப்யூட்டரோடு நிற்பதில்லை. ஒரு ரிப் கம்ப்யூட்டருக்காகச் சர்வரில் அந்தக் கதவைத் திறந்தால், நெட்வொர்க்கில் உள்ள எல்லோருக்கும் அது திறந்ததாகிறது. மறையாக்கமும், செய்தி வழியில் மாற்றப்படவில்லை என்று உறுதி செய்யும் மேம்பட்ட கையொப்பச் சரிபார்ப்பும் இல்லாத அந்தப் பழைய உரையாடலுக்கு, பதினான்கு புதிய கம்ப்யூட்டர்களையும் இறக்கிக் கொண்டுவர முடியும்.

சரி, ரிப் கம்ப்யூட்டரையே மாற்றலாமே என்றால், அதன் உரிமச் சாவி பழைய பேரலல் போர்ட்டில் செருகுவது. பிளேட் மெஷினோடு பேசும் கார்டுக்கு எக்ஸ்.பி.க்கு மேல் டிரைவர் கிடையாது. இருபது ஆண்டு உழைக்கும் ஒரு மெஷினை, பத்துப் பன்னிரண்டு ஆண்டே ஆயுள் உள்ள இயக்க முறைமை ஒன்றின் தலையில் கட்டி விற்கிறார்கள். விற்கும் நாளில் அதைப் பற்றி ஒரு வரிகூடக் கொட்டேஷனில் இருப்பதில்லை. பிறகு கேட்டால் "புது மாடல் வந்திருக்கு சார்" என்கிறார்கள். லென்ஸும் டிரம்மும் நன்றாக இருக்கும் மெஷினைக் காயலான் கடைக்கு அனுப்பச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அதை வாங்கிய கடனை அடைத்து முடிக்க அந்த அச்சகம் எத்தனை சீசன் உழைத்தது என்பதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

நாங்கள் செய்தது இதுதான். ஒரு பழைய டெஸ்க்டாப்பில் இரண்டு நெட்வொர்க் கார்டு போட்டு, டெபியன் லினக்ஸ் நிறுவி, இடையில் வைத்தோம். ஒரு கார்டு தனி ஸ்விட்ச்சுக்குப் போகிறது; அந்த ஸ்விட்ச்சில் ரிப் கம்ப்யூட்டரும் மேக்குகளும் ஜெராக்ஸ் மெஷினும் மட்டும். அங்கிருந்து இணையத்துக்கு வழியே கிடையாது. மற்றொரு கார்டு புதிய சர்வருள்ள நெட்வொர்க்குக்கு. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பாக்கெட்டுகள் நேராகக் கடக்காதபடி ஃபார்வர்டிங் நிறுத்தப்பட்டிருக்கிறது. பழைய பக்கத்தில் மட்டும், லினக்ஸில் எஸ்.எம்.பி. பேச உதவும் சாம்பா மென்பொருள் எஸ்.எம்.பி. 1 பேசுகிறது. 4.11 பதிப்பிலிருந்து சாம்பாவும் அதை இயல்பாக ஏற்பதில்லை என்பதால், குறைந்தபட்ச நெறிமுறையை நாமே இறக்கி எழுத வேண்டும். புதிய பக்கத்தில் சர்வரின் ஷேரை எஸ்.எம்.பி. 3 வழியாக அது எடுத்துக்கொள்கிறது.

முதலில் அந்த ஷேரை அப்படியே மறுபக்கத்துக்குப் பகிர்ந்தேன். டிசைனர் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே ரிப் மென்பொருள் பாதி பி.டி.எஃப்.ஐ எடுத்து, பிளேட்டில் பாதி லேபிள் வந்தது. அதன்பின், கோப்பை வேறொரு பெயரில் முழுமையாக நகலெடுத்து, முடிந்த பிறகே சரியான பெயருக்கு மாற்றும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினேன். அது நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுகிறது. அந்தச் சிக்கல் பிறகு வரவில்லை.

மேக்குகளில்தான் நான் பெரிய தவறு செய்தேன். சர்வர் 2003 மேக்குகளுக்கு ஆப்பிளின் ஏ.எஃப்.பி. நெறிமுறையிலேயே கோப்புகளைக் கொடுத்தது. அந்தச் சேவை சர்வர் 2008-இல் நீக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பதிலாக டெபியனில் ஏ.எஃப்.பி. பேசும் நெட்அடாக் மென்பொருளை நிறுவி, பழைய சர்வரின் மேக் ஃபோல்டரை லினக்ஸிலிருந்தே இழுத்து நகலெடுத்தேன். கோப்புகளின் எண்ணிக்கை சரியாக இருந்தது. ஆனால் மேக்கில் திறந்தால் எழுத்துருக்கள் எல்லாம் 0 பைட். பழைய மேக் எழுத்துருக் கோப்பில் உள்ளடக்கம் முழுவதும் ரிசோர்ஸ் ஃபோர்க் என்ற இரண்டாம் பகுதியில் இருக்கும். சர்வர் 2003 அதை என்.டி.எஃப்.எஸ். என்ற விண்டோஸ் டிஸ்க் அமைப்பில், கோப்போடு ஒட்டிய மாற்று ஓடையாகச் சேமித்திருந்தது, நான் இழுத்தது முதல் பகுதியை மட்டும். பழைய டிஸ்க்கை அழிக்காமல் வைத்திருந்தது ஒன்றுதான் எங்களைக் காப்பாற்றியது. ஒரு மேக்கிலேயே பழைய சர்வரையும் நெட்அடாக்கையும் ஏ.எஃப்.பி. வழியாகத் திறந்து, மேக்கின் வழியாகவே நகலெடுத்தபோது எல்லாம் முழுமையாக வந்தன. இரண்டு இரவு ஆயிற்று. உங்களிடம் மேக் இல்லை என்றாலும், பழைய டிஸ்க்கைக் குறைந்தது ஒரு சீசனாவது தொடாமல் வைத்திருங்கள்.

இதைப் பெரிய தரவு மையங்களுக்கான வழிமுறையாக நான் சொல்லவில்லை என்பதையும், பாதுகாப்புத் துறையில் இருப்பவர்கள் இதைவிடக் கறாரான வழிகளைச் சொல்லக்கூடும் என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன். இருபது பேர் வேலை செய்யும் ஓர் இடத்தில், இருக்கும் மெஷின்களோடு, சர்வரின் கதவைத் திறந்துவைக்காமல் செய்ய முடிந்தது இது.

இனி உங்கள் நிலைமை. 2025-ஐ டொமைன் கன்ட்ரோலராகச் சேர்க்க டொமைன் செயல்நிலை 2016 வேண்டும்; 2012 ஆர்2 அந்த நிலைக்கு வராது. ஆகவே நடுவில் 2016, 2019, 2022 இவற்றில் ஒன்றைக் கடந்து வரவேண்டும், அல்லது எங்களைப் போலப் புதிதாகத் தொடங்க வேண்டும். உங்கள் எக்ஸ்.பி. இரண்டும் டொமைனில் இருந்தால், லாகின் ஸ்கிரிப்ட்டுக்காக டொமைன் கன்ட்ரோலரிலேயே எஸ்.எம்.பி. 1 தேவைப்படும் என்பதால், முதலில் அவற்றை டொமைனிலிருந்து வெளியே எடுங்கள். நாஸ்தான் உங்களுக்குத் தெரியாமல் காலை வாரிவிடக்கூடியது. சர்வர் 2025 தானே போய் இணையும் எல்லா இடங்களிலும் கையொப்பத்தைக் கட்டாயமாகக் கேட்கும். பாஸ்வேர்டு இல்லாத விருந்தினர் நுழைவையும் அது ஏற்காது. உங்கள் பேக்கப் அந்த நாஸில் அப்படிப்பட்ட ஷேருக்குப் போய்க்கொண்டிருந்தால், புதிய சர்வர் வந்த அன்றிரவே அது நின்றுவிடும்.

புதியதை வாங்குவதற்கு முன், இப்போதுள்ள 2012 ஆர்2-இல் பவர்ஷெல்லைத் திறந்து, கெட்-எஸ்.எம்.பி.செஷன் (Get-SmbSession) கட்டளையில் டயலெக்ட் (Dialect) என்ற நெடுவரிசையையும் சேர்த்துப் பாருங்கள். 1.5 என்று காட்டுபவை எல்லாம் முதல் பதிப்பில் பேசுகின்றன. அந்த நேரத்தில் இணைந்திருப்பவற்றை மட்டுமே அது காட்டும் என்பதால், காலையிலும் மாலையிலும், கணக்கு முடிக்கும் மாதக் கடைசியிலும், ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கும்போதும் பார்த்து எழுதி வையுங்கள்.

எங்கள் ரிப் கம்ப்யூட்டர் இன்றும் அதே எக்ஸ்.பி.யில், தனி ஸ்விட்ச்சுக்குப் பின்னால் ஓடுகிறது. ஜி5 மேக்குகளில் ஒன்று போய்விட்டது, மற்றொன்று இருக்கிறது. பேரலல் போர்ட்டுள்ள பழைய மதர்போர்டு இரண்டு வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.