நடுக் கிளையில் கரண்ட் சோர்ஸ் இருந்தால் மெஷ் சமன்பாடு எழுதுவது எப்படி?

கேள்வி: இரண்டு மெஷ் (உள்ளே வேறு சுற்று இல்லாத மூடிய சுற்று) உள்ள சர்க்யூட். இடது கிளையில் 10 வோல்ட் பேட்டரி (பாசிட்டிவ் மேலே), அதோடு தொடரிணைப்பில் 4 ஓம். வலது கிளையில் 2 ஓம். நடுக் கிளையில் மேல்நோக்கி 8 ஆம்பியர் தரும் கரண்ட் சோர்ஸ். அந்த சோர்ஸுக்குக் குறுக்கே எத்தனை வோல்ட் என்று எழுதுவது? எப்படியோ போட்டுப் பார்த்தால் ஒரு மின்னோட்டம் மைனஸில் வருகிறது.

பதில்: எத்தனை வோல்ட் என்று முதலில் யாருக்கும் தெரியாது. கரண்ட் சோர்ஸ் மின்னோட்டத்தை மட்டுமே நிர்ணயிக்கும். அதன் மின்னழுத்தத்தை மற்ற உறுப்புகள்தான் முடிவு செய்யும். பலர் அங்கே சுழியம் போட்டுவிடுகிறார்கள். கணக்கு அங்கேயே கெட்டுவிடும்.

ஆகவே அந்தக் கிளையைத் தொடாமல் இரண்டு மெஷ்ஷையும் சேர்த்து வெளி ஓரமாகவே சுற்றி வாருங்கள். இதுதான் சூப்பர்மெஷ். இரண்டு மெஷ் மின்னோட்டங்களையும் கடிகாரச் சுற்றில் வைத்து, இடப்பக்கத்தது அ, வலப்பக்கத்தது ஆ என்போம். கிர்க்காஃப் மின்னழுத்த விதிப்படி (ஒரு மூடிய சுற்றில் மின்னழுத்த ஏற்ற இறக்கங்களின் கூட்டுத்தொகை சுழியம்) 4அ + 2ஆ = 10. நடுக் கிளையில் அ கீழே இறங்குகிறது, ஆ மேலே ஏறுகிறது; சோர்ஸும் மேல்நோக்கியே இருப்பதால் ஆ − அ = 8. தீர்த்தால் அ = −1 ஆம்பியர், ஆ = 7 ஆம்பியர்.

அந்த மைனஸ் சரிதான். நாம் வைத்த திசைக்கு எதிராக ஓடுகிறது, அவ்வளவே. அதாவது 1 ஆம்பியர் பேட்டரிக்குள் போகிறது. பாதியில் திசையை மாற்றி எழுதினால்தான் குழப்பம் வரும்.

சோர்ஸின் மின்னழுத்தத்தை இப்போது கேளுங்கள்: 2 ஓமுக்குக் குறுக்கே உள்ளதேதான், 14 வோல்ட். விடை சரியா என்று திறனை வைத்துப் பாருங்கள். சோர்ஸ் தருவது 8 × 14 = 112 வாட். 2 ஓம் 98, 4 ஓம் 4, பேட்டரி 10 வாட் வாங்குகின்றன. கூட்டினால் அதே 112.

சோர்ஸ் வெளி ஓரத்தில் இருந்தால் சூப்பர்மெஷ்ஷே வேண்டாம்; அந்த மெஷ்ஷின் மின்னோட்டம் கையிலேயே இருக்கிறது. உண்மையில், உங்கள் சர்க்யூட்டுக்கு நான் நோடல் முறையைத்தான் எடுப்பேன்; அதில் கிளைகள் சேரும் புள்ளியின், அதாவது நோடின், மின்னழுத்தத்தைத் தெரியாததாக வைப்போம். மேல் நோடின் மின்னழுத்தம் ஒன்றே தெரியாதது, ஒரே சமன்பாட்டில் 14 வோல்ட் வந்துவிடும். கேள்வித்தாள் மெஷ் என்று குறிப்பிட்டிருந்தால் மேலே உள்ளபடி எழுதுங்கள்.